லென்ஸ் மாட்டும், ஃபோகஸ் ஓடுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, தை பிறந்தால் கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழா என்று வேலை ஓடுகிறது. கேமரா நிக்கான் டி7200. லென்ஸ்கள் 18-140, 50 எம்.எம். 1.8டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய 80-200 2.8டி, மோதிரம், நகை எடுக்க ஒரு டாம்ரான் 90 மேக்ரோ. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கலாம் என்று ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கிறேன். பெங்களூரில் ஒரு கடைக்காரர், 'எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு கேனானுக்கு மாறிவிடு' என்கிறார். நண்பர் ஒருவர், 'இரண்டாயிரம் ரூபாய்க்கு அடாப்டர் வாங்கினால் எல்லா லென்ஸும் எல்லா பாடியிலும் மாட்டும், லென்ஸை விற்காதே' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அப்பா ஃபிலிம் காலத்தில் வைத்திருந்த நிக்கான் மேனுவல் 50 எம்.எம். ஒன்றும் பீரோவில் இருக்கிறது. அது இனி எதற்காவது ஆகுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்றது 50-க்கும் 80-200-க்கும் பின்னால் இருக்கும் 'டி' என்ற ஒற்றை எழுத்தில். உங்கள் ஒன்றரை லட்சம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்த எழுத்துதான் தீர்மானிக்கப் போகிறது. கடைக்காரரும் சரி, நண்பரும் சரி, அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கம் போர் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாயின் மரையும் மோட்டாரின் மரையும் சேர்ந்துவிட்டால் மட்டும் தண்ணீர் மேலே வந்துவிடுமா? எத்தனை அடி ஆழம், எத்தனை குதிரைத் திறன், கரண்ட் எத்தனை ஃபேஸ் என்று எல்லாம் பார்த்த பிறகுதானே இறக்குகிறோம்? லென்ஸ் பாடியில் மாட்டுவது மரை சேர்வது மாதிரி. அதற்கு மேல் இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது. ஃபோகஸ் தானாக ஓட வேண்டும். லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துவாரமான அப்பர்ச்சர், பாடி சொல்வதைக் கேட்க வேண்டும். லென்ஸ் தருகிற ஒளி வட்டம், படம் பதிகிற சென்சாரை முழுதாக நிரப்ப வேண்டும். 'மாட்டும்' என்று யாராவது சொன்னால் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முதலில் ஃபோகஸ். உங்களுக்கு வரப்போகிற இழப்பு இங்கேதான் இருக்கிறது.

நிக்கானில் லென்ஸ் மாட்டும் வாயான எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. இன்று உங்கள் டி7200-இல் இருப்பதும் அதே மவுண்ட்தான். 1985-இல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸோடு வந்து சந்தையை ஒரு கலக்கு கலக்கியது. மற்ற கம்பெனிகளும் ஓடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம். நிக்கான் 1986-இல் எஃப்501 கொண்டுவந்தபோது பழைய மவுண்ட்டைக் கைவிடவில்லை. மோட்டாரைப் பாடிக்குள் வைத்து, மவுண்ட் வளையத்தின் வழியாக ஒரு சின்னத் திருப்புளி முனையை நீட்டி, லென்ஸுக்குள் இருக்கும் திருகைச் சுற்ற வைத்தது. கேனான் வேறு வழியில் போனது. 1987-இல் தன் பழைய எஃப்டி மவுண்ட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் மோட்டார் வைத்து, அப்பர்ச்சரையும் கரண்ட் மூலமே இயக்கும் ஈஎஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தது. எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் அன்று கொதித்துப் போனார்கள். ஆனால் முப்பத்தோரு வருடம் கழித்து 2018-இல், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் மவுண்ட் வந்தபோது, பழைய ஈஎஃப் லென்ஸ்கள் ஒரு அடாப்டர் போட்டதும் ஆட்டோஃபோகஸ், அப்பர்ச்சர் இரண்டோடும் வேலை செய்தன. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருந்ததுதான் காரணம். நிக்கானில் அன்று பழையவர்களுக்குக் கிடைத்த சௌகரியத்தின் விலையை இன்று 'டி' லென்ஸ் வைத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இல்லாத டி லென்ஸில் மோட்டார் கிடையாது. உங்கள் டி7200-க்குள் மோட்டார் இருப்பதால் இத்தனை வருடம் உங்களுக்கு அது தெரியாமலே போய்விட்டது. 80-200-ஐக் கழற்றிப் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். திருப்புளி போடுகிற மாதிரி காடி வெட்டிய ஒரு சின்னத் திருகுத் தலை தெரியும். அதே காடி 50-இலும் இருக்கும். 18-140-இல் இருக்காது, அது ஏஎஃப்-எஸ் வகை, மோட்டார் உள்ளேயே இருக்கிறது. டாம்ரான் 90-ஐயும் திருப்பிப் பாருங்கள். அந்த லென்ஸில் மோட்டார் இல்லாததும் வந்திருக்கிறது, பின்னால் மோட்டார் வைத்ததும் வந்திருக்கிறது. பெட்டியைத் தேட வேண்டாம், காடியே சொல்லிவிடும்.

நிக்கானின் மிரர்லெஸ் இசட் பாடிகள் 2018-இல் வந்தன. பழைய லென்ஸ்களுக்காக எஃப்டிஇசட் என்ற அடாப்டரையும் நிக்கானே கொடுத்தது. அதற்குள் அப்பர்ச்சர் நெம்பை அசைக்க ஏற்பாடு உண்டு. ஃபோகஸ் திருகைச் சுற்ற மோட்டார் இல்லை. பின்னால் வந்த இரண்டாவது எஃப்டிஇசட்டிலும் இல்லை. ஆகவே இசட் பாடியில் உங்கள் 18-140 ஆட்டோஃபோகஸோடு ஓடும். 50-உம் 80-200-உம் மாட்டும், வெளிச்சம் சரியாக அளக்கும், அப்பர்ச்சர் மாறும். ஃபோகஸை மட்டும் உங்கள் விரல்தான் சுற்ற வேண்டும்.

விரலால் சுற்றுவது என்றால் என்னவென்று எனக்கு ஒரு முகூர்த்தம் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது கேமரா வேண்டுமென்று மோட்டார் இல்லாத ஒரு சின்ன பாடியை வாங்கினேன். விற்றவர் 'உங்க லென்ஸெல்லாம் மாட்டும்' என்றார். மாட்டத்தான் செய்தது. மறுநாள் விடிகாலை காவேரிப்பட்டணத்தில் கல்யாணம். கெட்டிமேளம் ஆரம்பித்ததும் 50 எம்.எம். போட்டு ஷட்டரைப் பாதி அழுத்துகிறேன், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளையின் கை தாலியோடு போகிறது, அட்சதை விழுகிறது, பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்கிறார்கள். கையால் சுற்றிச் சுற்றி எட்டுப் படம் எடுத்தேன். இரண்டுதான் கூர்மையாக வந்தன. அந்த இரண்டும் வராமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். மூன்று முடிச்சு இன்னொரு தடவை விழாது, தம்பி. அதனால்தான் 'மாட்டும்' என்ற சொல் மேல் எனக்கு இத்தனை ஆத்திரம்.

இதே பாடம் உங்கள் டி7200 மாதிரி உள்ளே கண்ணாடி இருக்கும் டிஎஸ்எல்ஆர் பாடிகளுக்கும் உண்டு. செகண்ட் ஹேண்டில் சல்லிசாக வருகிறதென்று டி3000 வரிசையோ டி5000 வரிசையோ வாங்காதீர்கள். டி3400, டி5600 வரை எதற்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் இல்லை. டி7000 வரிசை, டி610, டி750, டி850 எல்லாவற்றிலும் உண்டு.

அடுத்தது ஒளி வட்டம். லென்ஸ் உள்ளே வட்டமாகத்தான் படம் விழ வைக்கிறது. அதற்குள் நீள்சதுரமாக நாம் வெட்டி எடுத்துக்கொள்கிறோம். உங்கள் டி7200-இன் சென்சார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் என்றால் 36-க்கு 24. 18-140 சின்ன சென்சாருக்கென்றே செய்த டிஎக்ஸ் லென்ஸ். அதன் வட்டம் பெரிய சென்சாரின் மூலைகளை எட்டாது. நிக்கான் ஃபுல் ஃபிரேம் பாடியில் அதைப் போட்டதும் பாடி தானே புரிந்துகொண்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். 24 மெகாபிக்சல் பாடி அப்போது சுமார் 10 மெகாபிக்சல் பாடியாகிவிடும்.

இதை ஆல்பத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 12-க்கு 36 அங்குல ஆல்பம்தான் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் வைத்தால் 18 அங்குல அகலம். முழு சென்சாரில் எடுத்த படம் சுமார் 6000 பிக்சல் அகலம். அங்குலத்துக்கு 330-க்கு மேல் கிடைக்கும். வெட்டி எடுத்தது சுமார் 3900 பிக்சல். அங்குலத்துக்கு 217 அளவில் நிற்கும். அச்சில் பார்க்கும்படியாகவே இருக்கும், கெட்டுப்போகாது. ஆனால் லேப்பில் கொஞ்சம் வெட்டி, நேராக்கி, பெண்ணின் முகத்தை அருகில் கொண்டுவர நினைத்தால் கையில் மிச்சம் இருக்காது. இத்தனைக்கும் உங்கள் டி7200 இப்போதே அந்த 18-140-இல் முழு 24 மெகாபிக்சல் தருகிறது. 18-140-ஐ மட்டும் நம்பி ஃபுல் ஃபிரேம் வாங்கினால் காசு கொடுத்துப் பின்னால் போவதுதான் நடக்கும்.

கேனானில் இன்னும் கறார். சின்ன சென்சாருக்கான ஈஎஃப்-எஸ் லென்ஸ் 6டி, 5டி மாதிரி ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. ஆர்எஃப் மிரர்லெஸ்ஸில் அடாப்டர் வழியாக மாட்டும், பாடி நடுவை மட்டும் வெட்டி எடுக்கும். இதைப் படிக்கிற கேனான்காரர்களுக்கு இன்னொன்று. எம்50 போன்ற எம் வரிசைப் பாடியோடு வாங்கிய ஈஎஃப்-எம் லென்ஸ்களை ஆர்எஃப் பாடிக்குக் கொண்டுபோக வழியே இல்லை. ஏன் என்பதை இப்போது சொல்லப்போகும் கணக்கு காட்டிவிடும்.

உங்கள் நண்பரின் இரண்டாயிரம் ரூபாய் அடாப்டருக்கு வருகிறேன். லென்ஸ் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரம் வைத்திருக்கிறது. நிக்கான் எஃப்பில் 46.5 மில்லிமீட்டர், கேனான் ஈஎஃப்பில் 44. உள்ளே கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டுமென்பதால் அத்தனை தூரம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை, தூரம் சுருங்கிவிட்டது. நிக்கான் இசட் 16, சோனி ஈ 18, கேனான் ஆர்எஃப் 20. 46.5-இல் 16 போனால் 30.5, எஃப்டிஇசட் அடாப்டர் அந்த 30.5 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்புகிற குழாய். இதனால்தான் பழைய லென்ஸைப் புதிய பாடியில் போட முடிகிறது, புதிய லென்ஸைப் பழைய பாடியில் போட முடிவதில்லை. இசட் லென்ஸ் சென்சாரை 16 மில்லிமீட்டர் நெருங்கி உட்கார வேண்டும். டி7200-இல் அந்த இடத்தில் கண்ணாடி நிற்கிறது. ஈஎஃப்-எம் கணக்கும் இதேதான். அதன் தூரம் 18, ஆர்எஃப்பின் தூரம் 20. அடாப்டர் வைக்க இடம் எங்கே?

ஆக, அடாப்டர் என்பதன் அடிப்படை தூரத்தைச் சரிசெய்வது. சல்லிசான அடாப்டர் அதை மட்டும்தான் செய்யும். பாடியும் லென்ஸும் பேசிக்கொள்ளத் தங்க நிறத்தில் புள்ளிகள் இருக்கின்றன பாருங்கள், அந்தத் தொடர்பு அதில் இருக்காது. உங்கள் 18-140-ஐ அதில் போட்டால் ஆட்டோஃபோகஸ் போய்விடும். அந்த லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது என்பதால், அடாப்டரில் அதற்கென்று நெம்பு வைக்காவிட்டால் அப்பர்ச்சர் மூடிய நிலையிலேயே நின்று மண்டபத்தில் எல்லாம் இருட்டடிக்கும். கை நடுக்கத்தைக் குறைக்கும் லென்ஸின் வைப்ரேஷன் ரிடக்ஷனும் வேலை செய்யாது. நிக்கான் லென்ஸைக் கேனான் பாடிக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த வகைதான். நண்பர் முழுப் பொய் சொல்லவில்லை, உங்கள் லென்ஸ் எல்லாம் மிரர்லெஸ் பாடியில் மாட்டத்தான் செய்யும். அதை வைத்துக் கல்யாண ஆர்டர் ஒப்புக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, குழாய் கொஞ்சம் தடித்துப்போனால் தூரத்தில் இருக்கும் மலை ஃபோகஸுக்கு வராது. மெலிந்தால் முடிவிலியையும் தாண்டிப் போகும். எந்த அடாப்டர் வாங்கினாலும் கடை வாசலில் நின்று தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் என்றால் எங்கிருந்து பார்த்தாலும் மலைக்கோட்டை தெரியும். உச்சியில் இருக்கும் கல் ஒவ்வொன்றும் தெளிவாகப் பிரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு லென்ஸைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்பர்ச்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இரண்டு டி லென்ஸிலும் வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டிவிட்டால் டி7200 பார்த்துக்கொள்ளும். வளையம் நகர்ந்தால் 'எஃப்ஈஈ' என்று பிழை காட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புதிதாக ஏஎஃப்-பி என்ற வகையோ, பெயரில் அப்பர்ச்சர் எண்ணுக்குப் பின் 'ஈ' என்று வரும் வகையோ நிக்கான் லென்ஸ் வாங்கும்போது மட்டும் பாடியின் வயதைப் பாருங்கள். டி90 போன்ற பழைய பாடியில் அவை சரிப்பட்டு வராது.

இனி கேனானுக்கு மாறச் சொன்ன கடைக்காரர். கேனான் நல்ல கேமரா இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முகம், கண் பிடிக்கும் விஷயத்தில் ஆர்6 வரிசையை வைத்து நானே வேலை செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் கணக்கு வேறு. மாறினால் நான்கு லென்ஸும் ஒரே நாளில் போகும். ஃபிளாஷ் போகும், பேட்டரி போகும், சார்ஜர் போகும். பழைய சாமானுக்குக் கடைக்காரர் போடும் விலையும் புதிய சாமானுக்கு அவர் சொல்லும் விலையும் அவர் கையிலேயே இருக்கின்றன. ஒன்றரை லட்சத்துக்கு ஒரு பாடியும் ஒரு லென்ஸும் வரும். அந்த ஒரு லென்ஸை வைத்து மணமேடையையும் பந்தியையும் ஊர்வலத்தையும் எருது ஓடும் வீதியையும் எடுக்க முடியுமா? முடியாது. மறுபடி கடன் வாங்கத்தான் போவீர்கள்.

நான் சொல்வது இது. டி7200-ஐ விற்காதீர்கள். அதுதான் உங்கள் இரண்டு டி லென்ஸின் மோட்டார். அதைக் கொடுத்த அன்றே 80-200 ஒரு கையால் சுற்றும் லென்ஸாகிவிடும். அது பாதி விலையும் போகாது, முழு வேலையும் செய்யாது. டி7200-இல் மாட்டியிருக்கும்வரை அது ஃபுல் ஃபிரேமில் 120-300 எம்.எம். காட்டுகிற பார்வையைத் தருகிறது. மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று பெண்ணின் அம்மா கண் துடைப்பதை எடுக்க இதைவிட என்ன வேண்டும்? எருது விடும் விழாவுக்கும் அதுவே போகட்டும். டி7200 வினாடிக்கு 6 படம் எடுக்கும். நான் கீழே சொல்லப்போகும் இசட்5 வினாடிக்கு 4.5 படம்தான். மாடு வாடிவாசலை விட்டு நம்மைத் தாண்டிப் போக எத்தனை வினாடி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் புழுதியில் லென்ஸ் கழற்றி மாட்டாதீர்கள். அடாப்டர் இருந்தால் மண் புக இன்னொரு இடுக்கு கூடுகிறது.

புதிய பாடிக்கு இசட்5 பாருங்கள், நல்ல நிலையில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் ஆனாலும் சரி. 2020-இல் வந்த 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் அது. சென்சாரையே அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருப்பதால் மங்கலான மண்டபத்தில் கை கொடுக்கும். இரண்டு எஸ்டி கார்டு போடலாம். டி7200-இலும் இரண்டு எஸ்டிதான், இருக்கிற கார்டுகளே போதும். உங்கள் இஎன்-இஎல்15 பேட்டரியும் அதில் ஓடும், பழையதாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் தீரும். உங்களிடம் நிக்கான் ஃபிளாஷ் இருந்தால் அதுவும் தலையில் உட்காரும். வேகம் வேண்டும் என்றால் இசட்6 இரண்டாம் பதிப்பு. ஆனால் அதில் ஒரு குழி சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டுக்கானது, அந்தக் கார்டின் விலையையும் ரீடரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எந்தக் கம்பெனியானாலும் ஒரே ஒரு கார்டு குழி இருக்கும் பாடியைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அதோடு இசட் மவுண்ட்டிலேயே ஒரு லென்ஸ். 24-70 எஃப்4 என் முதல் தேர்வு. கையில் காசு கூட இருந்தால் 24-120 எஃப்4. 18-140-இல் பழகின உங்கள் கைக்கு அது இன்னும் பொருந்தும். எஃப்டிஇசட் அடாப்டரை உடனே வாங்க வேண்டுமா? மேக்ரோவுக்காக வாங்கலாம். மோதிரத்தையும் தாலிக்கொடியையும் நெருங்கி எடுக்கும்போது ஃபோகஸைக் கையால் வைப்பதே வழக்கம். டாம்ரானில் மோட்டார் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. திரையைப் பெரிதாக்கி, கல்லின் முனையைப் பார்த்து வைத்தால் டி7200-இல் எடுத்ததைவிடச் சுத்தமாக வரும். டாம்ரான், சிக்மா, டோக்கினா லென்ஸ்கள் மோட்டாரோடு இருந்தாலும் சில சமயம் புதிய பாடியோடு முரண்டு பிடிக்கும். லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் பல நேரம் சரியாகும். எது எதோடு ஓடும் என்று அந்தந்த லென்ஸ் கம்பெனியே பட்டியல் போடுகிறது; வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

18-140-ஐ விற்றுவிடலாம். அந்தக் காசோடு கொஞ்சம் போட்டு அடுத்த சீசனில் இசட் மவுண்ட்டில் ஒரு 50 எஃப்1.8 அல்லது 40 எஃப்2 வாங்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். டி7200-இல் 50 எம்.எம். லென்ஸ் 75 எம்.எம். போலப் பார்த்தது. ஃபுல் ஃபிரேமில் அது அசல் 50. மணப்பெண்ணின் முகத்தை எடுக்க நீங்கள் நின்று பழகின இடத்திலேயே நின்றால் பக்கத்தில் இருக்கும் அத்தையும் குத்துவிளக்கும் படத்துக்குள் வந்துவிடும். இரண்டு அடி முன்னால் போக வேண்டும். முதல் கல்யாணத்துக்கு முன் வீட்டிலேயே ஒரு வாரம் பழகுங்கள்.

'டிஎஸ்எல்ஆரே போதும், வீடியோ எனக்கு வேண்டாம்' என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் டி750. 2014-இல் வந்த ஃபுல் ஃபிரேம், உள்ளே மோட்டார் உண்டு, இரண்டு எஸ்டி உண்டு, அதே பேட்டரி. உங்கள் 50-உம் 80-200-உம் அன்றைக்கே முழு பலத்தோடு ஓடும், கையில் பணமும் மிஞ்சும். ஐந்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். இன்று நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் போட்டோவோடு வீடியோவையும் ஒரே ஆளிடம் கேட்கிறார்கள். வீடியோவில் முகத்தை விடாமல் பிடிக்கும் ஃபோகஸில் மிரர்லெஸ் எங்கோ போய்விட்டது. அதனால் மனசில்லாமல்தான் டி750-ஐ இரண்டாவதாக வைக்கிறேன்.

எதை வாங்கினாலும் சரி, கடைக்குப் போகும்போது நான்கு லென்ஸையும் ஒரு கார்டையும் பையில் எடுத்துப் போங்கள். வாங்கப் போகும் பாடியில் ஒவ்வொன்றாக மாட்டி, பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று ஃபோகஸ் பிடியுங்கள். அப்பர்ச்சரை நாம் வைத்து, ஷட்டர் வேகத்தைப் பாடியே வைக்கும் 'ஏ' மோடில் எஃப்4-இலும் எஃப்11-இலும் ஒரே காட்சியை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் அப்பர்ச்சர் சொன்னபடி கேட்கிறது. ஐம்பது படம் எடுத்து வீட்டுக் கணினியில் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு இரண்டு மணி நேரப் பயணம்தான், இன்னொரு தடவை போய்வரலாம்.

கடைசியாக அப்பாவின் லென்ஸ். அதை முதலில் நன்றாகப் பாருங்கள். அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக, மவுண்ட் ஓரத்தில் இன்னொரு பொடி வரிசை இருந்தால் அது 1977-இல் வந்த ஏஐ வகை அல்லது அதற்குப் பிந்தியது. அப்படியானால் டி7200-இலேயே மாட்டலாம், வெளிச்சமும் அளக்கும். ஒரே ஒரு வரிசைதான் என்றால் டி7200-இல் மாட்டிவிடாதீர்கள். மவுண்ட்டைச் சுற்றி இருக்கும் சின்ன நெம்பு உடைந்துபோகும். அந்த வகையை என்னிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

ஏஐ வகையாக இருந்தால் எஃப்டிஇசட் வழியாக இசட்5-இல் அது நன்றாக வேலை செய்யும். அது என்றைக்கும் மோட்டாரை நம்பி இருந்ததில்லை, ஆகவே அதற்கு இழக்க ஒன்றுமில்லை. அப்பர்ச்சரை வளையத்தில் வைக்கலாம், ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து வைக்கலாம். ஃபிலிம் கேமராவின் வ்யூஃபைண்டரில் அப்பாவுக்குக் கிடைக்காத வசதி இது. மெனுவில், பாடியோடு பேசாத பழைய லென்ஸ்களுக்கான 'நான்-சிபியு லென்ஸ்' என்ற இடத்தில் 50 என்றும் லென்ஸில் எழுதியிருக்கும் பெரிய அப்பர்ச்சர் எண்ணையும் பதிந்துவிடுங்கள். அப்போதுதான் சென்சார் நடுக்கத்தைச் சரியான அளவில் குறைக்கும். பீரோவில் கிடந்த லென்ஸ் என்பதால் மாட்டும் முன் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. நீங்களே கழற்ற வேண்டாம், ஸ்டுடியோவுக்கு எடுத்து வாருங்கள், சுத்தம் செய்து தருகிறேன்.